ஒரு கிராம் புரதம் என்ன விலை?

ஒரு கிலோ வே புரோட்டீன் டப்பா 2,400 ரூபாய். உள்ளே கிடக்கும் ஸ்கூப்பில் 33 கிராம் பொடி பிடிக்கும். அள்ளி அள்ளிப் போட்டால் 30 வேளைக்கு வரும். ஒரு வேளைக்கு 25 கிராம் புரதம் என்று டப்பாவின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறது. அப்படியானால் டப்பா முழுவதிலும் இருக்கும் புரதம் 750 கிராம். ஒரு கிராமின் விலை 3 ரூபாய் 20 காசு. தினம் ஒரு ஸ்கூப் என்றால் நாளுக்கு 80 ரூபாய், வருடத்துக்கு 29,200 ரூபாய்.

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பையன்கள் கேட்கும் கேள்வி, "மாஸ்டர், ஒரு ஸ்கூப்பா, ரெண்டா?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும்? இப்போது எத்தனை கிராம் சாப்பிடுகிறேன்? குறைவதை நிரப்ப மலிவான வழி எது? இந்த மூன்றுக்கும் விடை எண்களில் கிடைக்கும். டப்பாவை விற்பவரும் திட்டுபவரும் எண்களை விட்டுவிட்டுப் பேசுவதால்தான் இந்த விவாதம் முடியாமல் இழுக்கிறது.

இங்கே வரும் விலைகள் தமிழ்நாட்டுச் சில்லறை விலையை ஒட்டிக் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் பத்து ரூபாய் கூடலாம், குறையலாம். உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள். வகுக்கும் முறை அதேதான்.

பாலிலிருந்து பொடி வரை

பசும்பால் ஒரு லிட்டரில் சுமார் 32 கிராம் புரதம் உண்டு. அதில் 80 சதவீதம் கேசின், 20 சதவீதம் வே. சீஸ் செய்யும்போது ரெனட் என்னும் நொதியைச் சேர்த்துப் பாலைத் திரிய விடுகிறார்கள். கேசினும் கொழுப்பும் கட்டியாகிச் சீஸ் ஆகின்றன. மிச்சம் நிற்கும் இளமஞ்சள் தெளிநீரில் வே புரதமும் லாக்டோஸ் சர்க்கரையும் தங்கிவிடுகின்றன. 100 லிட்டர் பாலுக்குச் சுமார் 10 கிலோ சீஸ் போக, 90 லிட்டர் தெளிநீர் மிஞ்சும். அதில் 93 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர்; புரதம் 1 சதவீதம்கூட இல்லை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெகுகாலம் இந்தத் தெளிநீரைப் பன்றிக்கு ஊற்றினார்கள், வயலில் விட்டார்கள், ஆற்றில் கலந்தார்கள். வீட்டுச் சாக்கடை நீர் ஆற்றின் உயிர்வளியை உறிஞ்சும் அளவு லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் என்றால், சீஸ் தெளிநீருக்கு அது 30,000 முதல் 50,000 வரை. நூறு மடங்குக்கும் மேல். ஆற்றில் விடச் சட்டம் தடை போட்ட பிறகுதான் ஆலைகள் வேறு வழி தேடின. 1970களில் நுண்சவ்வு வடிகட்டும் முறை ஆலைக்குள் வந்தது. தண்ணீரும் சர்க்கரையும் சவ்வின் துளை வழியே வெளியேற, புரதம் உள்ளே தங்கியது. அதைப் பொடியாக உலர்த்தியதுதான் இன்று டப்பாவில் வருவது.

ஒரு லிட்டர் பாலில் வே புரதம் சுமார் 6.4 கிராம்தான். 80 சதவீதப் புரதம் கொண்ட பொடி ஒரு கிலோ வேண்டுமானால், ஆலையில் துளிகூடச் சிந்தாவிட்டாலும் 125 லிட்டர் பாலின் தெளிநீர் தேவை. 25 கிராம் புரதம் தரும் ஒரு ஸ்கூப்புக்குப் பின்னால் கிட்டத்தட்ட 4 லிட்டர் பால் இருக்கிறது.

இந்தியா 2023-24இல் சுமார் 24 கோடி டன் பால் கறந்தது. உலகில் முதலிடம் நமக்குத்தான். ஆனால் நாம் தயிர், நெய், பனீர், பால் இனிப்பு, டீ என்று செலவழிக்கிறோம். சீஸ் குறைவாகச் செய்வதால் வே குறைவாகக் கிடைக்கிறது. ஆகவே, உள்ளூர்ப் பெயரில் விற்கும் பல டப்பாக்களில் இருப்பதும் வெளிநாட்டுச் சீஸ் ஆலைகளிலிருந்து மூட்டையில் வந்த பொடிதான்; இங்கே சுவையும் நிறமும் சேர்த்து அடைக்கிறார்கள். சரக்குக் கட்டணமும் டாலர் விலையும் சேர்ந்துதான் அந்த 3 ரூபாய் 20 காசு.

"பனீர் செய்த தண்ணீரைக் குடித்தால் போதாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. பனீருக்குப் பாலை 85, 90 டிகிரி வரை சுட வைத்து எலுமிச்சையோ வினிகரோ விடுகிறோம். அந்தச் சூட்டில் வே புரதமும் கேசினோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் பனீருக்கே போய்விடும். மிஞ்சும் நீரில் லாக்டோஸ்தான் அதிகம். சப்பாத்தி மாவு பிசைய நல்லது. புரதக் கணக்கில் பெரிதாக ஏறாது.

கிராம் விலைப் பட்டியல்

மீல் மேக்கர்: கிலோ 150 ரூபாய், புரதம் 520 கிராம். கிராம் 29 காசு.
பொட்டுக்கடலை: கிலோ 120 ரூபாய், புரதம் 220 கிராம். கிராம் 55 காசு.
வேர்க்கடலை: கிலோ 140 ரூபாய், புரதம் 240 கிராம். கிராம் 58 காசு.
துவரம்பருப்பு: கிலோ 140 ரூபாய், புரதம் 220 கிராம். கிராம் 64 காசு.
முட்டை: ஒன்று 7 ரூபாய், புரதம் 6 கிராம். கிராம் 1 ரூபாய் 17 காசு.
ஆவின் நீலப் பாக்கெட் பால்: லிட்டர் 40 ரூபாய், புரதம் 32 கிராம். கிராம் 1 ரூபாய் 25 காசு.
கோழிக்கறி: எலும்போடு கிலோ 240 ரூபாய், சதையில் புரதம் 150 கிராம். கிராம் 1 ரூபாய் 60 காசு.
மத்தி மீன்: கிலோ 200 ரூபாய், முள்ளும் தலையும் போகப் புரதம் 115 கிராம். கிராம் 1 ரூபாய் 74 காசு.
பனீர்: கிலோ 440 ரூபாய், புரதம் 190 கிராம். கிராம் 2 ரூபாய் 32 காசு.
வே கான்சென்ட்ரேட்: கிலோ 2,400 ரூபாய், புரதம் 750 கிராம். கிராம் 3 ரூபாய் 20 காசு.
வே ஐசோலேட்: 2 கிலோ 8,000 ரூபாய், புரதம் 1,650 கிராம். கிராம் 4 ரூபாய் 85 காசு.
மாஸ் கெயினர்: 3 கிலோ 2,700 ரூபாய், புரதம் 450 கிராம். கிராம் 6 ரூபாய்.

கடைசி வரியை இன்னொரு முறை பாருங்கள். ஒல்லியான பையன்களுக்கு முதலில் கையில் கொடுக்கப்படுவது இந்த மாஸ் கெயினர்தான். டப்பா பெரிது, கிலோ விலை குறைவு, ஆகவே லாபம்போலத் தெரியும். நூறு கிராமில் 15 கிராம் புரதம் என்றால் மீதியில் பெரும்பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்து. சோறும் வாழைப்பழமும் செய்யும் வேலையை அது செய்கிறது. பட்டியலில் மிக மோசமான கொள்முதல் எது என்றால் இதுதான் என்பேன்.

இந்தப் பட்டியலுக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லாப் புரதமும் ஒரே தரம் அல்ல. செரிமானத்தையும் அமினோ அமிலச் சேர்க்கையையும் வைத்துத் தரும் மதிப்பெண்ணில் வே, பால், முட்டை மூன்றுக்கும் முழு 1. சோயாவுக்குச் சுமார் 0.9. வேர்க்கடலைக்கு 0.52தான். சரி, அந்த மதிப்பெண்ணால் வகுத்தே பார்ப்போம். வேர்க்கடலை 58 காசிலிருந்து 1 ரூபாய் 12 காசுக்கு ஏறுகிறது. மீல் மேக்கர் 32 காசு. முட்டையும் பாலும் முன்பிருந்த விலையிலேயே நிற்கின்றன. தரத்தைச் சேர்த்த பிறகும் வே, முட்டையைப் போல இரண்டே முக்கால் மடங்கு விலை.

அடுத்து, லூசின். தசை கட்டும் வேலையைத் தொடங்கி வைக்கும் அமினோ அமிலம் இது. ஒரு வேளைக்குச் சுமார் 2.5 கிராம் வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையினர் பொதுவாகச் சொல்லும் அளவு. வே புரதத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே லூசின் இருப்பதால், ஒரு ஸ்கூப் அந்த அளவைத் தொட்டுவிடுகிறது. அதன் பெரிய பலம் இது. செலவு 80 ரூபாய். அதே 2.5 கிராம் லூசினுக்கு 5 முட்டை வேண்டும், 35 ரூபாய். 800 மில்லி பால் என்றால் 32 ரூபாய். 62 கிராம் உலர்ந்த மீல் மேக்கர் என்றால் 9 ரூபாய் 30 காசு. வேயில் அளவு சிறிது, வேலை சுலபம். கூடுதல் பணம் அந்தச் சுலபத்துக்குத்தான் போகிறது.

தட்டில் எவ்வளவு இருக்கிறது?

ஐ.சி.எம்.ஆர். 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு இது போதாது. அவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது. அதற்கு மேல் போனால் தசையில் கூடுதல் பலன் இல்லை.

70 கிலோ எடையுள்ள, கறி மீன் சாப்பிடாத ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். காலையில் 4 இட்லி, சாம்பார்: 12 கிராம். மதியம் 200 கிராம் அரிசியில் வடித்த சோறு: 15 கிராம். சாம்பாரிலும் கூட்டிலும் 40 கிராம் பருப்பு: 9 கிராம். ஒரு கிண்ணம் தயிர்: 5 கிராம். இரவு 3 தோசை, சட்னி: 10 கிராம். காபி, டீயில் சேரும் 200 மில்லி பால்: 6 கிராம். மொத்தம் 57 கிராம். அவருடைய அடிப்படைத் தேவை 58. அரிசியில் குறையும் லைசினை உளுந்தும் துவரையும் ஈடுகட்டிவிடுவதால், இட்லி, சாம்பார், சோறு என்று சாப்பிடுபவரின் புரதத் தரமும் பலர் நினைப்பதுபோல் மட்டமல்ல. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, மாலையில் அரைமணி நேரம் நடப்பவருக்கு டப்பாவே தேவையில்லை. தினம் ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி சுண்டலோ சேர்த்தால் போதும்.

அதே இளைஞர் வாரம் நான்கு நாள் எடை தூக்குகிறார் என்றால் தேவை 112 கிராம். 55 கிராம் குறைகிறது. முட்டைக்கு அவர் சம்மதம் என்றால் 3 முட்டையில் 18, 40 கிராம் மீல் மேக்கரில் 21, அரை லிட்டர் பாலில் 16, சேர்ந்து சரியாக 55. செலவு 21 ரூபாய், 6 ரூபாய், 20 ரூபாய்: ஆக 47. இதையே வேயில் நிரப்ப இரண்டு ஸ்கூப், 160 ரூபாய். மாதத்துக்கு 1,410 ரூபாய்க்கும் 4,800 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் 3,390 ரூபாய். வேலைக்குச் சேர்ந்து முதல் வருடத்தில் இருக்கும் ஒருவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

வே பக்கம் எழுத வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். முட்டை, மீல் மேக்கர், பால் மூன்றும் சேர்ந்து சுமார் 650 கலோரி. இரண்டு ஸ்கூப் வே 260 கலோரி. வித்தியாசம் 390 கலோரி; அது 300 கிராம் சோற்றுக்குச் சமம். தொப்பையைக் குறைத்துக்கொண்டே தசையைக் காப்பாற்ற நினைப்பவருக்கு இது பெரிய சலுகை. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் அடுப்பு இல்லாமல் தங்கியிருப்பவர் மீல் மேக்கரை எங்கே வேக வைப்பார்? முட்டையும் தொடாத சைவர், இரவுப் பணி முடிந்து விடிகாலையில் நேராக ஜிம்முக்குப் போகிறவர், மூன்று வேளையும் மெஸ் சாப்பாட்டை நம்பியிருக்கும் மாணவர் ஆகியோருக்கு ஒரு ஸ்கூப் உண்மையாகவே உதவும். இரண்டு ஸ்கூப் தேவைப்படும் ஆள் அரிது.

பயிற்சி முடிந்த அரைமணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் வீண் என்று ஷேக்கரோடு ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு நாளின் மொத்தப் புரதம் சரியாக இருந்தால் நேரத்தால் வரும் வித்தியாசம் மிகச் சிறிது என்று 2013இல் பிராட் ஷோன்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நிதானமாகச் சாப்பிடலாம்.

பலன் எத்தனை கிராம்?

2018இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு ஒன்று, 49 ஆய்வுகளில் கலந்துகொண்ட 1,863 பேரின் கணக்கைத் தொகுத்தது. ஒவ்வோர் ஆய்வும் குறைந்தது 6 வாரம் நடந்தது. எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய உடல் எடை சராசரியாக 1.1 கிலோ கூடியது. புரதமும் கூடுதலாக எடுத்தவர்களுக்கு அதற்கு மேல் 300 கிராம். பயிற்சியால் மட்டும், ஒரே மூச்சில் தூக்கும் எடை சராசரியாக 27 கிலோ ஏறியது. புரதம் அதில் சேர்த்தது சுமார் 2.5 கிலோ. கிலோவுக்கு 1.6 கிராம் என்ற உச்ச வரம்பும் இதே தொகுப்பிலிருந்து வந்ததுதான்.

27 கிலோ பயிற்சியின் பங்கு, 2.5 கிலோ புரதத்தின் பங்கு. ஜிம் சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய எண்கள் இவை. அந்தக் கூடுதல் புரதமும் வேயாக மட்டுமே இருக்கவேண்டும் என்பதில்லை. பாலும் சோயாவும் கொடுத்துச் செய்த ஆய்வுகளும் அந்தத் தொகுப்பில் உண்டு. மூன்று மாதம் தினம் ஒரு ஸ்கூப் என்றால் 7,200 ரூபாய். விளையாட்டு வீரருக்கு 300 கிராம் தசையும் 2.5 கிலோ வலுவும் அந்தப் பணத்துக்குத் தகும். பெரும்பாலானோருக்கு, வாரத்தில் இன்னும் ஒரு நாள் தவறாமல் பயிற்சிக்குப் போவது அதைவிட அதிகம் தரும்.

டப்பாவுக்குள் இருப்பது என்ன?

இதுவரை போட்ட கணக்கெல்லாம் டப்பாவில் அச்சடித்திருப்பது உண்மை என்று நம்பிப் போட்டது. எனக்கு உறுத்தலே இங்கேதான்.

கேரளத்தின் ராஜகிரி மருத்துவமனையைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் அவருடைய குழுவினரும், இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளை வாங்கி ஆய்வகத்தில் சோதித்து 2024 ஏப்ரலில் முடிவை வெளியிட்டார்கள். 36இல் 25 டப்பாக்களில் புரத அளவு தவறாக அச்சிடப்பட்டிருந்தது. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 5இல் பூஞ்சை நச்சான அஃப்லாடாக்சின் இருந்தது. 3இல் பூச்சிமருந்தின் எச்சம். பாதிப் புரதம் உள்ள டப்பாவில் 3 ரூபாய் 20 காசு கிராம், 6 ரூபாய் 40 காசு ஆகிவிடுகிறது. விலையாவது பணத்தோடு போகும். அஃப்லாடாக்சின் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது.

அளவில் எப்படி ஏமாற்ற முடிகிறது? 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கியெல்டால் ஒரு சோதனை முறையை உருவாக்கினார். உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கினால் அதுவே புரதத்தின் அளவு என்று கொள்வது வழக்கமாயிற்று. இன்றும் பல இடங்களில் இதுதான் நடைமுறை. நைட்ரஜன் புரதத்திலிருந்து வந்ததா, வேறு மலிவான பொருளிலிருந்து வந்ததா என்று இந்தச் சோதனைக்குத் தெரியாது. ஒரு கிராம் கிளைசின் கலந்தால் 1.17 கிராம் புரதம் என்று காட்டும். ஒரு கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் 1.76 கிராம் என்று காட்டும். ஒரு ஸ்கூப்பில் 5 கிராம் கிளைசின் கலந்தால் கிட்டத்தட்ட 6 கிராம் போலிப் புரதம் கணக்கில் ஏறிவிடும். நைட்ரஜனை மட்டும் பார்க்கும் சோதனையில் டப்பா தேறிவிடும். இதே ஓட்டையில் புகுந்துதான் 2008இல் சீனாவில் பால்பொடியில் மெலமின் கலந்தார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள்.

ஆகவே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கத்தில், 33 கிராம் ஸ்கூப்புக்கு 25 கிராம் புரதம் என்றால் 76 சதவீதம். கோகோ, லெசித்தின், சுக்ரலோஸ் சேர்த்த கான்சென்ட்ரேட்டுக்கு அது நியாயமான அளவு. 33 கிராம் ஸ்கூப்பில் 20 கிராமுக்குக் கீழே என்றால் மீதி 13 கிராம் என்ன என்று கேளுங்கள். 25 கிராம் புரதத்துக்கு லூசின் 2.5 கிராமாவது இருக்க வேண்டும். பொருட்பட்டியலில் கிளைசின், டாரின், கிரியேட்டின் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் அந்த எடையைப் புரதத்திலிருந்து கழித்துவிடுங்கள். மூலிகைச் சாறு, கொழுப்பு கரைப்பான், "சிறப்புக் கலவை" என்று பெயர் மட்டும் போட்டு அளவு போடாத டப்பாவை வாங்கவே வேண்டாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும். அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான ஆய்வக அறிக்கையை, அமினோ அமில விவரத்தோடு, வெளியிடும் நிறுவனத்திடம் வாங்குங்கள். முத்திரைத் தாள் கிழிந்த டப்பா, சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கும் "இம்போர்டட்" டப்பா இரண்டும் வேண்டாம்.

மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். 2000களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டச்சத்துப் பொருட்களைச் சோதித்தது. 94 பொருட்களில், லேபிளில் சொல்லாத ஹார்மோன் மூலப்பொருட்கள் இருந்தன. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால், "டப்பாவில் இருந்தது எனக்குத் தெரியாது" என்ற பதில் எடுபடாது. உடலில் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையது என்பதே விதி.

உடல் என்ன சொல்கிறது?

வயிறு முதலில் சொல்லிவிடும். 1981இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று, வட இந்தியர்களில் 27 சதவீதம் பேருக்கும் தென்னிந்தியர்களில் சுமார் 67 சதவீதம் பேருக்கும் லாக்டோஸ் சரியாகச் செரிப்பதில்லை என்று கண்டது. மூன்றில் இருவர். ஷேக் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, இரைந்து, கழிவறைக்கு ஓட வைத்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. கான்சென்ட்ரேட்டில் நூற்றுக்கு 4 முதல் 8 கிராம் லாக்டோஸ் இருக்கும். ஐசோலேட்டில் 1 கிராமுக்கும் குறைவு. ஐசோலேட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்க நியாயமான காரணம் இது ஒன்றுதான். அதில் தசை வேகமாக வளரும் என்பது வெறும் பேச்சு. பால் ஒவ்வாமை வேறு விஷயம். அது உள்ளவர்கள் இரண்டையும் தொடக் கூடாது. முகப்பரு அதிகமாகி, பொடியை நிறுத்தியதும் அடங்கிய நோயாளிகளைப் பற்றித் தோல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சிறுநீரகத்தைப் பற்றிய பயம்தான் வீடுகளில் அதிகம். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தசை கட்டுவதற்காகப் புரதப் பொடியைத் தவிர்க்கச் சொல்கிறது. நீண்ட காலம் அதிக அளவில் எடுத்தால் எலும்பிலும் சிறுநீரகத்திலும் பாதிப்பு வரலாம் என்று எச்சரிக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களிடம் கூடுதல் புரதம் அதன் செயல்பாட்டைக் கெடுத்ததாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: ஆரோக்கியமான இளைஞரை ஒரு ஸ்கூப் கெடுக்காது. ஆனால் தன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று சோதித்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

நாட்பட்ட சிறுநீரக நோய் நடுக்கட்டத்தைத் தாண்டியவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டல். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 48 கிராம். ஒரு ஸ்கூப்பிலேயே அதில் பாதிக்கு மேல் போய்விடும்; இரண்டு ஸ்கூப்பில் சாப்பாட்டுக்கு இடமே இல்லை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் பத்து வருடமாக இருக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரர், மகனின் டப்பாவிலிருந்து தானும் ஒரு ஸ்கூப் போட்டுக்கொள்வது இன்று சாதாரணமாக நடக்கிறது. தொடங்குமுன் இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின், இந்த இரண்டு சோதனையையும் செய்தே ஆக வேண்டும். இதில் சலுகை கிடையாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு வே நல்லது என்று பரவும் செய்திக்கும் ஓர் ஆதாரம் உண்டு. இஸ்ரேலில் 2014இல் வெளிவந்த ஆய்வில், காலை உணவுக்கு முன் 50 கிராம் வே குடித்தவர்களுக்கு உணவுக்குப் பின்னான சர்க்கரை 28 சதவீதம் குறைந்தது. பங்கேற்றவர்கள் 15 பேர். ஆர்வம் தரும் முடிவு. ஆனால் 15 பேரை வைத்து மாதம் 4,800 ரூபாய் செலவுக்கு யாரையும் அனுப்ப மாட்டேன்.

உண்மையில் குறைவது யாருக்கு?

2,400 ரூபாய்க்கு 342 முட்டை வரும். தமிழ்நாட்டுச் சத்துணவில் ஒரு குழந்தைக்கு வாரம் 5 முட்டை. ஒரு டப்பாவின் விலையில் ஒரு குழந்தைக்கு 68 வாரத்துக்கு முட்டை போடலாம். புரதம் நம் சமூகத்தில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை இந்த எண் காட்டுகிறது. டப்பா வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நன்றாகச் சாப்பிடும் இளைஞர்கள். அதே வீட்டில் குறைவாகச் சாப்பிடுபவர்கள் இரண்டு பேர்: கர்ப்பிணி, வயதானவர். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஒரு பெண்ணுக்கு வழக்கத்தைவிட 22 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். 700 மில்லி பால், 28 ரூபாய். அவருக்கு டப்பா வேண்டாம், மருத்துவர் சொன்னாலொழிய.

அறுபத்தைந்து தாண்டியவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை என்று 2013இல் முதியோர் மருத்துவ வல்லுநர் குழு பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 60 முதல் 72 கிராம். காலையில் 2 இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறும் ரசமும், இரவு அரை டம்ளர் பாலில் 2 பிரெட் என்று முடித்துக்கொள்பவருக்கு 30 கிராம்கூடத் தேறாது. தரையிலிருந்து எழ முடியாமல் போவது, குளியலறையில் விழுவது, விழுந்த பின் நடமாட்டமே நின்றுபோவது எல்லாவற்றிலும் இந்தத் தசை இழப்புக்குப் பங்கு உண்டு. பல் இல்லை, பசி இல்லை, கறி மீன் வழக்கம் இல்லை என்னும்போது 150 மில்லி பாலில் கரைத்த ஒரு ஸ்கூப் 30 கிராம் புரதத்தை நான்கு மடக்கில் உள்ளே அனுப்பிவிடும். சிறுநீரகச் சோதனை சரியாக இருந்து மருத்துவரும் தலையசைத்தால், வே பொடிக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை. 2 முட்டையும் 400 மில்லி பாலும் சாப்பிட முடிந்த அம்மாவுக்கு ஒரு ஸ்கூப்பின் வேலை 30 ரூபாயில் நடக்கும். முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த டப்பாவுக்கு 2,400 ரூபாய் எடுத்து வைக்குமுன், ஒரே ஒரு நாள், வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் என்ன சாப்பிட்டார்கள் என்று காலையிலிருந்து இரவு வரை எழுதிக் கிராம் போட்டுப் பாருங்கள். யாருக்கு அதிகம் குறைகிறதோ அவருக்கு முதலில் செலவழியுங்கள்.